பாய்மர வீடு ஊருக்குள் போனது

பாய்மர வீட்டின் மேற்கு ஜன்னல் கடற்கரையில் சூசையம்மாளின் குடிசைக்கு வந்து சேர்ந்த காலையில், சூசையம்மாள் முதலில் செய்த காரியம் அடுப்பை மூட்டிக் கடுங்காப்பி போட்டதுதான். நேற்றுவரை வெறும் ஓலைத்தட்டி இருந்த இடத்தில், முதிரை மரச் சட்டமும், முறுக்கிய இரும்புக் கம்பிகளும், உச்சியில் சிவப்பும் பச்சையும் மாறி மாறிப் பதித்த கண்ணாடியுமாக ஆளுயர ஜன்னல் ஒன்று நின்றது. ஓலையில் ஒரு கீற்றுக்கூடக் கிழியவில்லை, தரையில் ஒரு துரும்புகூட உதிரவில்லை. காலங்காலமாக மேற்கையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஜன்னல் அன்றுதான் கடலின் மேல் சூரியன் எழுவதைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் தன்னிடமிருந்த சிவப்பையும் பச்சையையும் சூசையம்மாளின் பானைகள் மேலும், தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் கஸ்பாரின் முகத்தின் மேலும் ஊற்றியது. கஸ்பார் ஒரு கண்ணைத் திறந்து, "இது பாய்மர வீட்டு ஜன்னல்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். சூசையம்மாள் காப்பியைக் குடித்து முடித்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, உடையவர்களிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று புறப்பட்டாள்.

எங்கள் சாலிப்பட்டினத்தில் பெரிய வீடுகளுக்கெல்லாம் இரண்டு வழிகள் உண்டு. முன்பக்கம் ஆண்கள் நடக்கும் தெரு, பின்பக்கம் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அளவுக்குக் குறுகலான முடுக்கு. முடுக்கு பெண்களுக்கு. அந்த வழியாகவே அவர்கள் உறவு வீட்டுக்குப் போவார்கள், கல்யாண வீட்டுக்குப் போவார்கள், சாவு விழுந்த மௌத்து வீட்டுக்குப் போவார்கள்; கடற்கரையும் கடைவீதியும் உப்பளமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று காதால் அறிந்திருப்பார்களே தவிரக் கண்ணால் அறிந்திருக்கமாட்டார்கள். பாய்மர வீட்டின் மைமூனத்து அப்படி முடுக்கிலேயே நடந்து அறுபது வயதைத் தாண்டியவள். புருஷன் பினாங்கில் வியாபாரம் பார்த்து அங்கேயே அடங்கிப்போனார். பிள்ளை இல்லை. அத்தனை பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான்.

சூசையம்மாள் முடுக்கு வழியாக வந்து அடுப்படிக் கதவைத் தட்டினாள்.

"மைமூனும்மா, ஒங்க ஜன்னல் எங்க வீட்டுக்கு வந்திருக்கு."

"அப்படியா? காலையில எழும்பிப் பார்த்தேன், அந்த எடத்துல வானம்தான் இருந்துச்சு. ஒடஞ்சி கிடஞ்சி போச்சா?"

"ஒண்ணும் ஆகல. கண்ணாடிகூட அப்படியேதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. உக்காரு, இடியப்பம் சூடா இருக்கு."

அன்று மாலையே கஸ்பாரும் அவன் கூட்டாளிகளும் ஜன்னலைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்து பழைய இடத்தில் வைத்துச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனார்கள். சுபுஹு பாங்குக்கும் விடியலுக்கும் இடையில் அது திரும்பவும் கடற்கரைக்குப் போய்விட்டது. மறுபடி சுமந்து வந்தார்கள், மறுபடி போனது. அடுத்த தடவை அவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, மைமூனத்து கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "இனித் தூக்காதீங்க. அதுக்கு அங்கதான் புடிச்சிருக்குது போல."

அந்த வீட்டைக் கட்டியவர் நெய்னா முகம்மது மரைக்காயர். இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் பாய்க்கப்பல் ஓட்டியவர். ஒரு வாடைக்காலத்தில் அவருடைய கப்பல் கரை தெரிகிற தூரத்தில் கடலடிப் பாறைப் பாரில் மோதிப் பிளந்தது. கரையில் நின்ற பரதவர்கள் அலையைப் பார்க்காமல், ஆளைப் பார்த்து வள்ளங்களைத் தள்ளினார்கள். கப்பலில் இருந்த எல்லோரும் உயிரோடு மீண்டார்கள், சரக்கு முழுக்கக் கடலோடு போனது, பெரிய பாய்மரம் மட்டும் சில நாள் கழித்துத் தானாகக் கரையொதுங்கியது. மரைக்காயர் அதன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார் என்று சொல்வார்கள். பிறகு எழுந்து, தம்முடைய ஒரே மகளுக்கு ஒரு வீடு கட்டப்போவதாகவும், அதன் முகட்டில் இந்த மரம்தான் கிடக்கும் என்றும் சொன்னார்.

சுவருக்குக் கடற்பாறையைப் பரதவர்கள் வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்குச் சிப்பியை உப்பளத்துக்காரர்கள் பொறுக்கிக் குவித்தார்கள். சாந்தில் சேர்க்கக் கருப்பட்டிப்பாகு தேரிக்காட்டுப் பனை ஏறிகளிடமிருந்து வந்தது, முட்டை ஊரில் கோழி வளர்த்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது, கடுக்காய் ஊறப்போட்ட தண்ணீர் நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. கைபடக் கைபட வழுவழுக்கும் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் குளிரும். முன்னால் பித்தளைக் குமிழ் வைத்த தலைவாசல்; அதைத் தாண்டினால் ஆண்கள் உட்காரும் முன்கூடம்; அங்கிருந்து ஒரு வளைந்த நடை; நடை முடிகிற இடத்தில் வானத்தைப் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண்கள், முற்றத்தின் நடுவே ஊரில் வேறெங்கும் கிடைக்காத நல்ல தண்ணீர்க் கிணறு; அதற்கும் உள்ளே பெண்களின் கூடம், பிள்ளை பெறுகிற சிறிய அறை, அடுப்படி, முடுக்கு. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மகள் கல்யாணம் முடிந்தாலும் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அவளிடம் வருவார். அப்படி உம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று கைமாறிக் கைமாறி வந்த வீடு, மைமூனத்துவிடம் வந்து நின்றுவிட்டது.

ஜன்னல் போவதற்குச் சில நாள் முன்னால் அவளுடைய தம்பி சதக்கு சென்னையிலிருந்து வந்திருந்தான். கூடவே கண்ணப்பன் என்ற பழைய மரச்சாமான் வியாபாரியையும் அழைத்து வந்திருந்தான். கண்ணப்பன் ஒவ்வொரு தூணையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், கதவுக் குமிழ்களைத் துடைத்துப் பார்த்தார், முகட்டை அண்ணாந்து பார்த்து, "இது கப்பல் மரமில்லையா" என்று மட்டும் கேட்டார். தூணெல்லாம் எங்கோ ஒரு பெரிய ஓட்டலுக்குப் போகும் என்றார்கள். சதக்கு சாப்பிடும்போது சொன்னான்: "நீங்க ஒத்தையில இந்த வூட்டுல என்ன செய்யப்போறீங்க லாத்தா? ஓடு ஒழுகுது. என்னோட வந்துருங்க." அவள் அவன் தட்டில் மீனை வைத்துக்கொண்டே, "யோசிப்போம் தம்பி" என்றாள். மழைக்காலம் முடிந்ததும் லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவளும் பாதி மனதைத் தயார்செய்து வைத்திருந்தாள்.

அந்த மழைக்காலத்தில்தான் வீடு போகத் தொடங்கியது.

ஜன்னலுக்குப் பிறகு ஊஞ்சல். தையல்காரர் இபுராகீமின் மகள் ருகையாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிறுவயதிலிருந்து பாயில் கிடந்த பெண். ஒரு விடியலில் அவள் படுத்திருந்த பாய் தரையில் இல்லை, பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல் பலகையின் மேல் இருந்தது, அவள் சுவரைக் கையால் தள்ளித் தள்ளி அறை முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தாள். தையல்காரர் மெஷினில் உட்கார்ந்து, அன்றைக்கே ஊஞ்சலுக்கு ஒரு மெத்தை தைத்தார். பிறகு மாடுகள் நுழைந்து மத்தியானச் சோற்றுத் தட்டை நக்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குத் தலைவாசல் கதவு போனது. பால்வாடியின் மண்தரையில் கூடத்தின் சிவப்புத் தளம் விரிந்தது, பிள்ளைகள் அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. வெயிலில் பஸ்சுக்கு நின்று கிறுகிறுத்து விழுகிறவர்கள் நின்ற இடத்தில் நான்கு தேக்குத் தூண்களும் அவற்றின் மேல் அளவாய் ஒரு கூரையும் நின்றன, டிரைவர் முதல் நாள் மட்டும் நிறுத்தம் தெரியாமல் தாண்டிப் போய்ப் பின்னால் வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மாடக்குழி. மரமுமில்லை கல்லுமில்லை, விளக்கு வைக்கிற ஒரு வெற்றிடம், கரிபடிந்த அதன் வளைவோடு வந்து எங்கள் சுவரில் பதிந்துகொண்டது. அதுவரை எங்களுக்கு விளக்கு வைக்க இடமில்லை என்று நாங்களே நினைத்துப் பார்த்ததில்லை.

ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. எப்படி நடந்துகொள்வது என்பதுதான் எல்லோருக்கும் கவலையாக இருந்தது. பள்ளிவாசலில் ஜமாஅத்து கூடியது, பக்கத்துத் தெருக்காரர்களையும் கூப்பிட்டார்கள். திருட்டு என்று சொல்ல முடியாது, எடுத்தவர் யாருமில்லை. தானம் என்று சொல்ல முடியாது, கொடுத்தவரும் தெரியவில்லை. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் சுலைமான் லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "சட்டம் எனக்குத் தெரியல. ஆனா ஒரு பொருள் வந்தா உடையவங்களப் போய்ப் பார்த்து நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வரணும், அவங்க வயிறு நிறையணும். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்" என்றார். அப்படித்தான் வழக்கம் உண்டானது. எதுவும் வேண்டுமென்று யாரும் கேட்கக்கூடாது. வந்தால் மறுக்கக்கூடாது. வந்த வீட்டார் அன்றைக்குச் சமைத்ததில் ஒரு பங்கைப் பாய்மர வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நகைக்கடை ஹமீது மட்டும் வழக்கத்தை மீறி, தூண் வந்து நிற்கட்டும் என்று தன் முன்கூடத்துத் தளத்தைப் பெயர்த்து நான்கு குழி வெட்டி வைத்தார். தூண் வரவில்லை. ஒரு குழியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டு அடைகாத்தது, அது குஞ்சு பொரிக்கும்வரை அவர் வீட்டார் குழியைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

தலைமைக் காவலர் ஒருவர் வந்து விசாரித்தார்.

"புகார் ஏதாவது உண்டாம்மா?"

"யார் மேல?" என்று மைமூனத்து உள்ளிருந்து கேட்டாள்.

அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு, சூசையம்மாள் கொண்டுவந்து வைத்திருந்த சுறாப்புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மைமூனத்துவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள், தூண்களை எண்ணுவாள், இன்றைக்கு எது போனதென்று தெரிந்ததும் அது இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பாள். ஆனால் அவள் தனியாகச் சாப்பிட்ட நாட்கள் முடிந்துபோயிருந்தன. தேரிக்காட்டிலிருந்து பயறும் பனங்கிழங்கும் வந்தன, கடற்கரையிலிருந்து நண்டு வந்தது, தையல்காரர் வீட்டிலிருந்து கறிக்கஞ்சி வந்தது. கொண்டுவந்தவர்கள் உடனே எழுந்து போகவில்லை. வந்த பொருள் எப்படி இருக்கிறது, யார் அதன்மேல் சாய்ந்து தூங்குகிறார்கள், பிள்ளைகள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் வீட்டைப் பற்றி அறியாததையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டாள்.

பிறகு ஒரு நாள் கிணறு போனது.

விடிகாலையில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உலூச் செய்யத் தண்ணீர் இறைக்கப் போனவள், முற்றத்தின் நடுவில் சமமான வெறும் தரையைப் பார்த்தாள். கயிறில்லை, உருளையில்லை, கிணற்றின் கல் விளிம்பு இல்லை. அவள் வாளியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் வராத அழுகை அன்று வந்தது. மற்றதெல்லாம் மரமும் கல்லும், தண்ணீர் அப்படியில்லை. தன்னைக் குளிப்பாட்டிய தண்ணீர், தன் உம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய தண்ணீர். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தவளுக்குத் தாகம் எடுத்தது. எழுந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டாள், இடுப்பில் குடத்தை வைத்தாள், முடுக்குப் பக்கம் திரும்பியவள் நின்றாள். முடுக்கு உறவு வீடுகளுக்குத்தான் போகும், கிணறு எங்கே போயிருக்கும் என்று அதற்குத் தெரியாது. கதவு போய் வெறும் வாயாகத் திறந்து கிடந்த தலைவாசல் வழியாக, வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் வீட்டு முன்தெருவில் கால் வைத்தாள்.

தெருவில் நின்ற ஆண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்களே தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே ஒருவர், "உப்பளத்துக் குடியிருப்புல இருக்காம்மா" என்று கிழக்கே கையைக் காட்டினார். அவள் நடந்தாள். கடைவீதியைக் கடந்தாள், பஸ்சுக்கு நிற்கிறவர்களின் மேல் தன் வீட்டுத் தூண்கள் நிழல் விரித்திருப்பதைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், அது இவ்வளவு பெரியது என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்தாள், உப்புக் குவியல்களின் வெண்மையில் கண் கூச நடந்து குடியிருப்புக்குள் நுழைந்தாள்.

அங்கே திருவிழாக் கூட்டம் நின்றது. உப்பளத்துக்காரர்களின் தண்ணீர் எப்போதும் கரிக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அவர்கள் பிள்ளைகளின் பற்களில் சின்ன வயதிலேயே கறை ஏறிவிடும். அன்று காலையில் பிச்சம்மாள் என்ற பெண் முதல் வாளியை இறைத்து வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாளாம். மைமூனத்து குடத்தோடு வருவதைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஈரத்தலையோடு பிச்சம்மாள் முன்னால் வந்தாள்.

"அம்மா, ஒங்களுக்குத் தண்ணி இல்லாமப் போச்சே. நாங்க என்ன செய்வோம்? தோண்டித் திருப்பித் தரவும் தெரியலையே."

மைமூனத்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அதே தண்ணீர். தன் முகமும் பிச்சம்மாளின் முகமும் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன. "குடிச்சியா?" என்று கேட்டாள்.

"குடிச்சேம்மா."

"இனிப்பா இருந்துச்சா?"

பிச்சம்மாள் தலையை ஆட்டினாள். அவர்கள் மைமூனத்துவைக் கயிற்றைத் தொடவிடாமல் தாங்களே இறைத்துக் குடத்தை நிரப்பினார்கள், பிச்சம்மாள் அந்தக் குடத்தைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தாள். வழியில் ஊஞ்சலைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று மைமூனத்து கேட்டாள். ஊஞ்சலைப் பார்த்தார்கள். பிறகு சிவப்புத் தளத்தைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். சூசையம்மாள் குடிசையில் அந்த ஜன்னலருகே உட்கார்ந்து, வள்ளங்கள் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டே கடுங்காப்பி குடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் அவள் தலைவாசல் வழியாகவே புறப்பட்டுப் போனாள். ஊரில் அவளுக்குத் தெரியாத தெரு இல்லை என்று ஆனது. யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்குகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தொழுகைக்குப் பிறகு வழக்கமாகக் கேட்கும் துஆக்களை விட்டுவிட்டு, "போதும் ரஹ்மானே, போதும்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள்.

மழை ஓய்ந்ததும், சொன்னபடி சதக்கு லாரியோடு வந்தான். கண்ணப்பனும் வந்திருந்தார். அவர்கள் பார்த்தபோது சுவரில் பாதி இல்லை, ஓடுகள் இல்லை, தூண் ஒன்றுகூட இல்லை. முகட்டுப் பாய்மரம் மட்டும் மிச்சமிருந்த இரண்டு சுவர்களின் தலையில் வானத்துக்குக் குறுக்கே கிடந்தது. அதன் கீழே மைமூனத்து தம்பிக்குப் பிடித்த அகனிச் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரே சேர்ந்து களவாண்டிருக்கு, நீங்க அடுப்படியில உக்காந்திருக்கீங்க" என்றான் சதக்கு.

"யாரும் எடுக்கல தம்பி. அதுவாத்தான் போச்சு."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. லாரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. உடையவரின் தம்பி கேட்கிறார், கொடுப்பதுதான் முறை என்று அவர்களே கழற்றிக் கொடுத்தார்கள். தையல்காரர் மகளை மெதுவாகத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தார். ருகையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஸ்பார் ஜன்னல் கண்ணாடி உடையாமலிருக்க வைக்கோல் சுற்றினான். பஸ் நிறுத்தத்துத் தூண்களை எடுக்கும்போது அங்கே நின்றவர்களே ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் லாரி நிறைந்தது. சதக்கு முன்னால் ஏறிக்கொண்டான்.

உப்பளத்துப் பாலம் தாண்டியதும் டிரைவர், "வண்டி லேசா ஓடுதே" என்றார். பிறகு, "காலி வண்டி மாதிரி துள்ளுதே" என்றார். நிறுத்தி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். வைக்கோல் மட்டும் இருந்தது. பிற்பகலின் அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணப்பன் வைக்கோலைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் முப்பது வருஷமா வீடு பிரிக்கிறேன் பாய். எந்த வீடும் எங்கிட்ட வேணாம்னு சொன்னதில்ல. இது சொல்லிடுச்சு" என்றார். அவர் அடுத்து வந்த பஸ்சில் ஏறிப் போய்விட்டார்.

சதக்கு நடந்தே திரும்பினான். வழியில் பஸ் நிறுத்தத்தில் தூண்கள் நின்றன. தையல்காரர் வீட்டு வாசலைத் தாண்டும்போது சங்கிலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. கிணறு இருந்த இடத்தில் வந்து தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். மைமூனத்து அகனித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் தொடவில்லை.

"மக நஸ்ரினுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கேன். வூடு தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றான். "எங்க இருக்கு எங்கிட்ட வூடு?"

"இதச் சொல்லலயே நீ."

"என்னத்தச் சொல்ல? இந்த வூட்டுல பொறந்தேன் லாத்தா. விவரம் தெரிஞ்ச நாள்லருந்து, இது லாத்தாவோடது, நீ வளர்ந்து போயிருவேன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. கல்யாணம் ஆனப்பறம் மாமியா வூட்டுல மாப்பிள்ளை, இங்க விருந்தாளி. சென்னையில வாடகை. அறுபது வயசு ஆகப்போகுது, ஒரு ஆணிய அடிக்கணும்னாலும் யார்கிட்டயாவது கேட்டுட்டுத்தான் அடிச்சிருக்கேன். ஊருல எல்லாருக்கும் போச்சு இந்த வூடு. எனக்கு ஒரு கதவுக்கட்டைகூட வரல."

இத்தனை வருடமும் ஒவ்வொரு பெருநாளைக்கும் அவன் வந்து தலைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வாங்க என்று யாராவது சொல்லும்வரை நின்றிருந்தது மைமூனத்துவுக்கு நினைவுக்கு வந்தது. அவள் அதை மரியாதை என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு இது தோணவேயில்ல தம்பி" என்றாள். "நான் உள்ளேயே இருந்ததால வெளிய நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பத்தான் நடக்கப் பழகியிருக்கேன். வூடு போனா போகட்டும், மனை இருக்குல்ல? நஸ்ரினுக்கு இங்க கட்டுவோம். அவளுக்கும் ஒனக்கும் எனக்கும். என்னை உம்மா மாதிரி வச்சிக்கச் சொல்லு அவள."

அவன் அகனித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கல்யாணம் முடிந்து போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அன்றைக்கு அங்கேயே பாய் விரித்துப் படுத்தான்.

காலையில் இருவரும் எழுந்தபோது தலைக்குமேல் பாய்மரம் இல்லை, சுவரும் இல்லை. கடலுக்குத்தான் திரும்பிப் போயிருக்கும் என்று கஸ்பாரும் கூட்டாளிகளும் கரை நெடுகத் தேடினார்கள். அது கடலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், எந்தக் காலத்திலோ யாரோ சுவர் எழுப்பி, கூரை போடாமல் விட்டுப்போன பிரசவக் கொட்டகையின் முகட்டில் கிடந்தது, அதன் இருபுறமும் பாய்மர வீட்டு ஓடுகள் அடுக்கடுக்காய் இறங்கியிருந்தன. அன்று மத்தியானம் பிச்சம்மாளின் மகளுக்கு அங்கே வலி கண்டது. பிறந்தது பெண். மைமூனத்து அந்தக் குழந்தையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள், மரம் பார்க்கப் புதுசாக இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ஊர் வந்தது. முதலில் சூசையம்மாள் வந்து, "ஜன்னல எடுத்துக்கிடுங்க மைமூனும்மா, ஒங்களுக்குத் தலைக்கு மேல ஒண்ணுமில்லாம நாங்க எப்படி வெளிச்சத்துல உக்காந்திருக்க?" என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். மைமூனத்து மறுத்தாள்: "எனக்குன்னு இருந்த நாள்ல அதையெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்ல. ஒங்க வூட்டுல வந்துதான் பார்த்தேன். அதுவே எனக்குப் பெரிய உபகாரம். அது அங்கேயே இருக்கட்டும்." அப்படியானால் வேலைக்காவது வருவோம் என்றார்கள். அதை அவள் மறுக்கவில்லை.

சூளைச் செங்கலும் சிமெண்டும் சாதாரண வேப்ப மரமும்தான் வந்திறங்கின. உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து கல் சுமந்தார்கள். தையல்காரர் வெயிலுக்குச் சாக்கில் பந்தல் தைத்துக் கட்டினார். நகைக்கடை ஹமீது யாரும் அழைக்காமல் மண்வெட்டியோடு வந்து, "குழி வெட்டி எனக்குப் பழக்கம் இருக்கு" என்றார், அவரோடு சேர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். சுலைமான் லெப்பை பாத்திஹா ஓதிவிட்டு அவரும் சட்டையை மடித்துக்கொண்டார். நஸ்ரினின் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, ஊரே மண் பிசைந்துகொண்டிருப்பதைக் கண்டு, கல்யாணத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைப் பையனை வேலைக்கு விட்டுப் போனார்கள்.

சதக்கு முழங்கால்வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கலவை மிதித்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் சாந்து. கடைக்கால் எழும்பி, நிலை வைக்கிற கட்டம் வந்தபோது கொத்தனார் மைமூனத்துவிடம் வந்து, தலைவாசலை எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டார். எங்கள் ஊரில் அதைச் சொல்கிற உரிமை வீட்டுப் பெண்ணுடையது, எந்தக் காலத்திலும் வேறு யாரிடமும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டு, தம்பியைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் வைக்கலாம் சதக்கு? நீ சொல்லு."

அவன் மிதிப்பதை நிறுத்தினான். கேட்டது தன்னிடம்தானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு கலவையிலிருந்து கால்களை உருவி எடுத்து, மனையின் நடுவில் போய் நின்று, ஒவ்வொரு திசையாகத் திரும்பிப் பார்த்தான், பார்த்த திசையையே மறுபடியும் பார்த்தான், கல் சுமந்து வந்தவர்கள் சுமையோடு நின்றார்கள், அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கிழக்க வைப்போம் லாத்தா" என்றான் கடைசியில். "எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் வர்றாங்க."

மைமூனத்து கொத்தனார் பக்கம் திரும்பி, "கேட்டீங்கள்ல, வூட்டுக்காரர் சொல்லிட்டாரு. கிழக்கயே வைங்க" என்றாள்.